ஆறரைக் கட்டை

சிக்பேட்டைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
கழற்றிப்போட்ட ஃபேன் இறக்கைகளுக்கும்
ஒற்றைக்கால் ஷூக்களுக்கும் நடுவே கிடந்தது கீபோர்டு.
இரண்டாயிரத்து நானூறு சொன்னவன்
ஆயிரத்து எழுநூறுக்கே கட்டிக் கொடுத்தான்.
ஈஜிபுரா வந்து பிளக்கில் செருகியபோது
காரணம் தெரிந்தது.
ஏழாம் கட்டை பேசவில்லை.
கீழே, நடுவே, மேலே, எங்கே அமுக்கினாலும்
வெறும் பிளாஸ்டிக் சத்தம்: டக்.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில்
வருகிறவர் மூக்கின் மேல் இரும்புச் சட்டம் மாட்டி
வில்லையை மாற்றி மாற்றிக் கேட்கிறவள் நான்:
இது தெளிவா? இல்லை, இது?
அரை பவர் தள்ளினால் பஸ் நம்பர் மாறிவிடும்.
அதனால் மேஜர் ஸ்கேல் என்னை மிரட்டவில்லை.
முழுசு, முழுசு, அரை.
முழுசு, முழுசு, முழுசு, அரை.
ஒரு கட்டை தாண்டிக் குதித்தால் முழுசு.
மூன்றுக்கும் நாலுக்கும் இடையே கருப்பு கிடையாது;
மூன்றரைக் கட்டையில் யாரும் பாடியதில்லை.
ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் அப்படித்தான்,
ஏழு என்று ஒன்று இருந்தால்.

ஒன்றை விட்டு ஒன்று அமுக்கினால் கார்டு.
ஒன்று, மூன்று, ஐந்து:
ட்யூப்லைட் முதல் தடவையிலேயே எரிந்தது.
அதே விரல்களை ஒரு வெள்ளை நகர்த்தி
இரண்டு, நாலு, ஆறு:
யாரோ அறையில் ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.
கை மாறவில்லை.
ஒட்டி நிற்கிற அந்த மூன்றும் நாலும்
இம்முறை கீழ்ப் பாதியில் விழுந்துவிட்டன.
மைனர் என்பது அவ்வளவுதான்,
அவ்வளவு போதும்.

ஐந்து, ஏழு, இரண்டில்தான் தகராறு.
ஐந்தும் இரண்டும் ஒலிக்கும், நடுவே டக்.
அழுவதா சிரிப்பதா என்று சொல்லாத முகம்.
பாட்டு வீட்டு வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமலே நிற்கும்.

ஸோதான்புயி ஐசால்காரி. பார்லரில் முடி வெட்டுகிறாள்.
எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது
பாதி வாடகை, உடைந்த இந்தி.
கார்டு பெயர் ஒன்றும் அறியாள்.
பாத்திரம் தேய்த்துக்கொண்டே
என் விரலுக்கு இரண்டு படி மேலே பாடுவாள்,
டக் வருகிற இடத்தில் மட்டும்
சரியாக இறங்கி, அந்த ஏழை வைப்பாள்
தட்டில் விட்டுப்போன ஸ்பூனை வைப்பதுபோல.

டிசம்பரில் ஊருக்குப் போனாள்.
டக் இவ்வளவு பெரிதென்று அப்போதுதான் கேட்டது.

ஓர் இரவு, சும்மா, நாலாம் கட்டையிலிருந்து கிளம்பினேன்.
நாலு, ஐந்து, ஆறு. முழுசு, முழுசு.
இப்போது அரை வேண்டும்.
விரல் தானாகக் கருப்புக்கு ஏறியது: ஆறரை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
வந்துவிட்டேன்!
செத்த கட்டையை ஒரு தடவையும் தொடவில்லை.
முன்பு நடுவழியில் ஒட்டி நின்ற மூன்றும் நாலும்
இப்போது வாசற்படி.
ஏழு கார்டும் பல் முளைத்து நின்றன.
அதே ஐந்து, அதே இரண்டு, நடுவே ஆறரை வந்ததும்
ஒரு முடிவுக்கு வந்து, மெல்ல முகம் வாடியது.
பகல் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன்:
இது தெளிவா?
தெளிவு.

ஜனவரி ஏழு, பஸ் வாசனையோடு வந்து சேர்ந்தாள்.
குளிக்கக்கூட விடாமல் வாசித்துக் காட்டினேன்,
ஓட்டையில்லாமல், தொடக்கம் முதல் கடைசிவரை.
தலையாட்டினாள். நன்றாக இருக்கிறது என்றாள்.
சிங்க் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்தாள்.
பாடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே,
“அந்த டக் எங்கே?”

ஒன்றுக்கு நகர்ந்தேன்.
ஒன்று, மூன்று, ஐந்து. நாலு, ஆறு, ஒன்று.
ஐந்து,
டக்,
இரண்டு.
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே
சோப்புக் கையோடு ஒருத்தி
ஏழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
நான் ஒன்றை அமுக்கும்வரை.
அமுக்காமல் இன்னும் கொஞ்சம்
காக்கவைக்கிறேன்.